மீட்டர் 480 காட்டுகிறது, என்ன செய்ய? வீட்டுக் காற்று: வாசகர் கேள்வி-பதில்

மார்கழிப் பனி இறங்கிவிட்டது, போகிப் புகையும் தூரத்தில் இல்லை. அதனாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டுக் காற்றை அளப்பது பற்றித்தான். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஆன்லைனில் காற்றுத்தர மீட்டர் வாங்கினோம். காலையில் ஹாலில் 35 காட்டுகிறது. சாயங்காலம் விளக்கேற்றி சாம்பிராணி போட்டால் 480க்குப் போகிறது. அரை மணி கழித்துப் பார்த்தால் 200. மகன் போனில் பார்க்கும் எண்ணோ வேறாக இருக்கிறது. எதை நம்புவது?
– வாசகி, அண்ணா நகர், மதுரை

பதில்: மூன்றையும் நம்பலாம். அந்தந்த நிமிஷத்தில், மீட்டர் உட்கார்ந்திருந்த இடத்தில் காற்று ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும். குழப்பம் அலகில் இருக்கிறது. திரையில் தெரிவது பி.எம். 2.5 நுண்துகளின் எடையா (ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம்), இல்லை ஏ.க்யூ.ஐ. என்னும் குறியீட்டு எண்ணா என்று முதலில் பாருங்கள். 50 மைக்ரோகிராம் தூசி இந்தியக் குறியீட்டில் 83 ஆகும். அதே தூசி அமெரிக்கக் குறியீட்டில் 137 ஆகிவிடும். வெளிநாட்டு மீட்டர்களும் பல செயலிகளும் அமெரிக்கக் கணக்கில் காட்டுபவை. செட்டிங்கில் போய் மைக்ரோகிராமுக்கு மாற்றி வைத்துவிட்டால் பாதித் தலைவலி தீரும். மகன் போனில் பார்ப்பது ஊரில் எங்கோ உள்ள நிலையத்தின் கணக்கு, அல்லது கணினி போட்ட மதிப்பீடு. அதற்கு உங்கள் பூஜையறை தெரியாது.

அடுத்தது வரம்பு. இந்தியாவில் 2009 முதல் இருக்கும் வரம்பு 24 மணி நேரச் சராசரிக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரிக்கு 40. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது இன்னும் கெடுபிடி: 15, 5. இரண்டுமே சராசரிகள். பத்து நிமிஷம் எட்டிப் பார்த்த 480-ஐ 60-க்குப் பக்கத்தில் வைத்துப் பயப்படக் கூடாது. நாள் முழுக்க 30 இருக்கிற வீட்டில் ஒரு மணி நேரம் மட்டும் 400 இருந்தால் அன்றைய சராசரி 45. ஆக, சாம்பிராணி போடலாம்; போட்டபின் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சீரியல் பார்ப்பதுதான் வம்பு. அந்த 480 எத்தனை நிமிஷத்தில் 50-க்கு இறங்குகிறது என்று பாருங்கள். ஜன்னலைத் திறந்து ஒரு நாள், மூடி ஒரு நாள். இந்த இரண்டு நேரங்களும்தான் உங்கள் வீட்டைப் பற்றி மீட்டர் சொல்லக்கூடிய முக்கியமான செய்தி.

வைக்கும் இடம்: உட்கார்ந்தால் மூக்கு இருக்கும் உயரம், அதாவது தரையிலிருந்து 3 முதல் 4 அடி. ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், ஜன்னல் விளிம்பில் வேண்டாம், ஃபிரிட்ஜ் தலையில் வேண்டவே வேண்டாம். இரண்டு நாள் இடம் மாற்றாமல் வைத்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரம், எண், அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று மூன்றையும் எழுதுங்கள். "7.10 – 62 – தோசை" என்ற அளவுக்குப் போதும்.

இந்த மீட்டர்களின் உள்ளே ஒரு குட்டி ஃபேன் காற்றை இழுக்கும். லேசர் ஒளி அதன்மேல் பட்டுச் சிதறுவதை வைத்துத் துகளைக் கணக்கிடும். ஒளியைச் சிதறடிக்கும் எதுவும் அதற்குத் துகள்தான். குக்கர் விசிலின் ஆவியும் கணக்கில் சேரும். ஐப்பசி மழையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீரேறிப் பருத்து, எண் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். பி.எம். 10 என்று காட்டுவதை மட்டும் பெரிதாக எடுக்காதீர்கள். பெரிய தூசியை இவை சரியாகப் பிடிப்பதில்லை, பெரும்பாலும் ஊகக் கணக்கு. விளக்குமாறு கிளப்பும் மண்ணையும் சாலைப் புழுதியையும் மூக்குதான் நன்றாகச் சொல்லும்.

பக்கத்து வீட்டிலும் ஒன்று இருந்தால் இரண்டையும் ஒரு நாள் அருகருகே வையுங்கள். எண் ஒன்றாக இருக்காது. ஆனால் ஏறும்போது சேர்ந்து ஏறி, இறங்கும்போது சேர்ந்து இறங்க வேண்டும். ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அதன் காற்றுத் துளையில் ஒட்டடை அடைத்திருக்கும்.

கேள்வி: ஏசி போட்டு, கதவைச் சாத்தி நாலு பேர் படுக்கிறோம். காலையில் பிள்ளைகள் தலை கனக்கிறது என்கிறார்கள். ஏசி மெக்கானிக் வந்து ஃபில்டரைக் கழுவிவிட்டுப் போனார். மாற்றம் இல்லை.
– வாசகர், கே.கே. நகர்

பதில்: ஃபில்டர் கழுவியது நல்லதுதான், ஆனால் கேள்விக்கு அது விடை ஆகாது. ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப விடுகிறது. வெளியே போகும் பைப்பில் ஓடுவது குளிர்வாயு. வெளிக்காற்று ஒரு பிடிகூட உள்ளே வருவதில்லை. நீங்கள் நாலு பேரும் இரவு முழுக்க ஒரே காற்றைப் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள்.

இதைப் பார்க்கக் கரியமில வாயு மீட்டர் வேண்டும். வாங்கும்போது உள்ளே என்.டி.ஐ.ஆர். சென்சார் (அகச்சிவப்பு ஒளியால் கரியமில வாயுவை நேரடியாக அளப்பது) இருக்கிறதா என்று கேளுங்கள். விலை மலிவான பலவற்றில் அது இல்லை. வேறு வாயுக்களைப் பார்த்துக் கரியமில வாயு இவ்வளவு இருக்கும் என்று ஊகித்துப் போடுகின்றன. கடைக்காரர் சொல்வதை நம்பாமல் நீங்களே சோதிக்கலாம்: ஆரஞ்சுத் தோலை உரித்து அருகில் பிழியுங்கள். கரியமில வாயு எண் குபீரென்று ஏறினால் அது ஊகக் கணக்கு மீட்டர், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து மொட்டைமாடி நிழலில் 20 நிமிஷம் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) அருகே வர வேண்டும். குனிந்து பார்த்தால் உங்கள் மூச்சே அதைக் கெடுத்துவிடும். நாம் விடும் மூச்சில் கரியமில வாயு 40,000 பிபிஎம் அளவுக்கு உண்டு. இன்னொரு விஷயம். பல மீட்டர்கள் சில நாட்களுக்கு ஒருமுறை, தான் பார்த்த மிகக் குறைந்த எண்ணை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தானே சரிசெய்துகொள்ளும். எப்போதும் மூடியே இருக்கும் அறையில் வைத்தால் 700-ஐ 400 என்று நினைத்துக்கொண்டு பொய் சொல்ல ஆரம்பிக்கும். வாரம் ஒருமுறை மாடிக்குக் கொண்டுபோய் வாருங்கள்.

கணக்கு இது: 10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் உள்ளே சுமார் 34 கன மீட்டர் காற்று. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயு விடுவார். இரண்டு பேர் படுத்தாலே, கதவிடுக்கு வழியாகக் கசிவது போக, விடிவதற்குள் 2,000-ஐத் தாண்டுவது சாதாரணம். நாலு பேர் என்றால் 3,000-ஐப் பார்த்தாலும் வியப்பில்லை. அந்த அளவு விஷம் அல்ல. ஆலைகளில் எட்டு மணி நேரத்துக்கு 5,000 வரை அனுமதி உண்டு. ஆனால் 1,000-க்கு மேல் போனால் காற்று மாறவில்லை என்று பொருள். வியர்வை நெடி, பெயிண்ட் நெடி, கொசு மருந்து எல்லாமும் அதோடு சேர்ந்தே தேங்கும்.

அறையில் மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது என்பதையும் இதே மீட்டரில் பார்த்துவிடலாம். காலையில் எழுந்ததும் எண்ணைக் குறித்துக்கொண்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். காலையில் 1,420 என்று வையுங்கள். வெளிக்காற்றின் 420 போக மிச்சம் 1,000. அந்த ஆயிரம் 370-ஆகக் குறைய, அதாவது திரையில் 790 வர, எத்தனை நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு மணி நேரம் ஆனால் மணிக்கு அரைத் தடவை. அரை மணியில் வந்தால் மணிக்கு இரண்டு தடவை. மறுநாள் ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்து வைத்து இதையே செய்யுங்கள். வித்தியாசத்தைப் பார்த்தபின் கரண்ட் பில்லைப் பற்றி வீட்டில் பேசிக்கொள்ளலாம். அறைக் கதவை ஹாலுக்குத் திறந்து வைப்பதும் உதவும். எட்டு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனை ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டாம், குளிர் எல்லாம் போய்விடும். படுக்குமுன் பத்து நிமிஷம், நடு இரவில் எழுந்தால் பத்து நிமிஷம்.

கதவைத் திறந்து வைத்து எண் குறைந்த பிறகும் தலைக்கனம் நீடித்தால் காரணம் வேறு. டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பாத்ரூமில் கேஸ் கீசர் இருப்பதால் கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி ஹாலில் மாட்டினோம். கரண்ட் போய் வந்த இரவுகளில் மட்டும் கத்துகிறது. கீசர் அப்போது ஓடுவதே இல்லை. அலாரம் கோளாறா?
– வாசகர், விளாங்குடி

பதில்: ஹாலில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறதா? இருக்கும் என்று நினைக்கிறோம். தண்ணீர் ஊற்றும் டியூபுலர் பேட்டரி சார்ஜ் நிறையும் கட்டத்தில் ஹைட்ரஜனை விடும். இந்த அலாரங்களில் உள்ள சென்சார் ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடு என்று எடுத்துக்கொள்ளும். கரண்ட் போனபோது இறங்கிய பேட்டரி, வந்தபின் ஏறும். விடியற்காலையில் அலாரம் கத்தும்.

ஆனால் இது நம் ஊகம். இனி கத்தும்போது அதை நிஜம் என்றே எடுத்து, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். பிறகு அலாரத்தை இரண்டு நாள் வேறு அறையில் மாட்டிப் பாருங்கள். அங்கே அமைதியாக இருந்து, பேட்டரி அருகில் மட்டும், சார்ஜ் ஏறும்போது மட்டும் கத்தினால் விடை கிடைத்துவிட்டது.

அலாரத்தை இடம் மாற்றியதோடு விட்டுவிடாதீர்கள். பேட்டரியை மூடிய அலமாரிக்குள்ளோ பூஜை மாடத்தின் கீழோ வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், மேலே கற்பூரம் எரிகிறது. அழுகிய முட்டை வாடை வந்தால் ஓவர் சார்ஜ் ஆகிறது, அல்லது ஒரு செல் போய்விட்டது. சார்ஜிங்கை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கீசர் விஷயம் இதைவிடப் பெரிது. மூடிய பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருக்கவே கூடாது. சிறிய அறையில் பிராணவாயு குறையக் குறைய நெருப்பு சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு கிளம்பும். அதற்கு வாசனையும் இல்லை, கமறலும் இல்லை. நீலச் சுடர் மஞ்சளாவதைக் குளிப்பவர் கவனிக்கவும் மாட்டார். கீசர் வெளிச்சுவரில், பைப் மட்டும் உள்ளே. அலாரம் வைத்துவிட்டோமே என்று இருந்துவிட முடியாது. பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கத் தரத்தில் 70 பிபிஎம் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் அலாரம் கத்தும், 400 பிபிஎம் என்றால் 4 முதல் 15 நிமிஷத்தில். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே வந்ததும் தெளிந்தால் மீட்டரைத் தேட வேண்டாம், கார்பன் மோனாக்சைடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் பட்டனை அழுத்திச் சத்தம் வந்தால் பஸ்ஸர் வேலை செய்கிறது என்று மட்டுமே அர்த்தம். சென்சாரின் ஆயுள் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் தேதியோடு சரி.

சமையல் கேஸ் கசிவுக்கு இந்த அலாரம் உதவாது. அதற்குத் தனி. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தவழும். ஆகவே அந்த அலாரம் தரையிலிருந்து ஓர் அடிக்குள். டியூபிலும் ரெகுலேட்டரிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கேஸ் கசிவு அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் 1906.

கேள்வி: சிம்னி போட்டும் மிளகாய் வறுத்தால் வாசல் வரை இருமல். எங்கள் வீடு ஒடுக்கமாக நீண்டது, ஜன்னல் முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும்.
– வாசகி, சிம்மக்கல்

பதில்: மீட்டர் வாங்க வேண்டாம், ஓர் ஊதுபத்தி போதும். அடுப்பை அணைத்து, சிம்னியை நடு வேகத்தில் ஓட்டி, தோசைக்கல்லின் முன்விளிம்பு இருக்கும் இடத்தில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை சிம்னி பக்கம் வளைந்து போக வேண்டும். நேரே மேலே போய் உங்கள் முகத்துக்கு வந்தால் இழுவை இல்லை. முதலில் ஃபில்டரில் எண்ணெய்ப் பிசுக்கு. பிறகு வெளிச்சுவர் முனையில் உள்ள மடிப்பு மூடி. பிசுக்கோ பெயிண்டோ அதை ஒட்டவைத்திருக்கும். மூன்றாவது, ஆறு அங்குலக் குழாயை ஓட்டை சிறிது என்று நாலு அங்குலத்துக்குக் குறுக்கி மாட்டியிருப்பார்கள். வெளிக்குழாயே இல்லாத சிம்னி என்றால் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு புகையின் மிச்சத்தை வீட்டுக்கே திருப்பித் தருகிறது.

மூன்றும் சரியாக இருந்தால், உள்ளே வரக் காற்று இல்லை என்று அர்த்தம். சிம்னி வெளியே தள்ளும் அளவு காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். சிம்னிக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் அந்தக் காற்று குறுக்கே ஓடி அப்படியே வெளியேறும், அடுப்புப் புகையைத் தொடாது. முன்பக்க ஜன்னலைத் திறந்து, அடுப்படிக் கதவை ஒரு சாண் மட்டும் விட்டு, அந்த இடுக்கில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை அடுப்படிக்குள் இழுபட்டால் தாளிப்பு நெடி ஹாலுக்கு வராது. வறுத்து முடித்தபின் பத்து நிமிஷம் சிம்னி ஓடட்டும்.

மீட்டர் இருந்தால் ஹாலில் வையுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் எண்ணெய் ஆவி ஒரு மாதத்தில் சென்சாரைக் குருடாக்கிவிடும்.

கேள்வி: புது மாடுலர் கிச்சன். அலமாரியைத் திறந்தால் கண் எரிகிறது. ஃபார்மால்டிஹைடு 0.4 என்கிறது மீட்டர். பிரித்து எறிய வேண்டுமா?
– வாசகி, திருநகர்

பதில்: கண் எரிவதை நம்புங்கள், 0.4-ஐ நம்பாதீர்கள். பலகையின் பசையிலிருந்து வரும் இந்த வாயுவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு அரை மணி நேரச் சராசரிக்கு ஒரு கன மீட்டரில் 0.1 மில்லிகிராம்தான். ஆனால் இந்த மீட்டர்கள் சானிடைசருக்கும் சென்ட்டுக்கும் அதே போல் துள்ளும். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்: அன்று சென்ட், சானிடைசர், தரை துடைக்கும் ஃபினாயில் எதுவும் வேண்டாம். அலமாரியை இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் மீட்டரை உள்ளே பத்து நிமிஷம், பிறகு ஹாலில் பத்து நிமிஷம், பிறகு பழைய மரப்பீரோவுக்குள் பத்து நிமிஷம் வையுங்கள். புது அலமாரி மட்டும் பல மடங்கு காட்டினால் பலகையின் பசைதான்.

பார்ட்டிகிள் போர்டிலும் எம்.டி.எஃப்.பிலும் மைக்கா ஒட்டிய முகம் மூடியிருக்கும். வாயு வருவது மூடாத இடங்களில். டிராயரை உருவிப் பின்முதுகைப் பாருங்கள், சிங்க் பைப்புக்கு அறுத்த ஓட்டையைப் பாருங்கள், கீல் துளைகளைப் பாருங்கள். மூடாத பலகை தெரியும் ஓரங்களில் எட்ஜ் பேண்ட் ஒட்டச் சொல்லுங்கள், துளைகளில் வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். வெயில் ஏற ஏற வாயு கூடும். ஆகவே மத்தியானத்தில் எல்லா டிராயரையும் திறந்துபோட்டு ஃபேனை ஜன்னல் பக்கம் திருப்பி ஓட்டுங்கள். சில மாதங்களில் தணிந்துவிடும். சித்திரை வெயிலில் மறுபடி எரிந்தால் பழையபடி திறந்து விடுங்கள்.

சரியான எண்தான் வேண்டும் என்றால், பம்ப் வைத்துக் காற்றை டி.என்.பி.எச். குப்பியில் இழுத்து ஆய்வகத்தில் பார்க்கும் முறை உண்டு. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகப் பார்த்து, இந்த முறையைப் பெயர் சொல்லியே கேளுங்கள். கையில் ஒரு மீட்டரோடு வந்து ஐந்து நிமிஷத்தில் சர்டிஃபிகேட் தருகிறவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கிரானைட் தரையிலிருந்து ரேடான் கதிர்வீச்சு வருவதாக வாட்ஸ்அப்பில் வந்தது. குவாரி ஊரில் இருக்கிறோம், பயமாக இருக்கிறது.
– வாசகர், மேலூர்

பதில்: வீட்டுக்குள் ரேடான் வருவது முக்கியமாக அடிமண்ணிலிருந்து, தரைக்கல்லின் பங்கு சொற்பம். ஜன்னல் திறந்து புழங்கும் வீட்டில் அது தங்காது. கட்டாயம் பார்க்க வேண்டும் என்றால் மூன்று மாதம் வைத்து எடுக்கும் பட்டை உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). குவாரித் தூசிக்குத்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும். பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி: மழைக்குப் பின் படுக்கையறைச் சுவரில் கறுப்புப் பூசணம். காற்றில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கத் தட்டு விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, ஆரப்பாளையம்

பதில்: வேண்டாம். தட்டைத் திறந்து வைத்தால் எந்த வீட்டிலும் பூஞ்சை முளைக்கும். வித்து எங்கும் உண்டு, எத்தனை வரை சரி என்பதற்குப் பொதுவாக ஏற்ற வரம்பும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிறதே, அதற்குமேல் என்ன சாட்சி? ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

ஓர் அடிச் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பிரிக்கும்போது சுவரைத் தொட்ட பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள் நீர் ஏறுகிறது: பைப், மாடித் தளம், அல்லது அஸ்திவாரம். அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. முதலாவதற்குக் கொத்தனார், இரண்டாவதற்கு ஜன்னல். கட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள், ஈரத்துணியை அந்த அறையில் காயப்போடாதீர்கள்.

ஈரப்பத மீட்டர் 60-க்குக் கீழே காட்டினால் நல்லது. மீட்டர் சரியா என்று பார்க்கவும் வழி உண்டு: பாட்டில் மூடியில் உப்பு நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்தில் வையுங்கள், கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, இரவு முழுக்க விட்டால் 75 சதவீதம் காட்ட வேண்டும். 82 காட்டினால் உங்கள் மீட்டருக்கு 7 கூடுதல்.

கேள்வி: கொசுவர்த்திச் சுருளை விட்டு லிக்விடுக்கு மாறினோம். மீட்டர் 300-லிருந்து 25-க்கு வந்துவிட்டது. இனி கவலை இல்லையே?
– வாசகர், சோழவந்தான்

பதில்: புகை போனது பெரிய லாபம். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் லிக்விட் மருந்து ஆவியாகப் போவதால் உங்கள் மீட்டருக்குத் தெரியாது. 25 என்பது புகைக்கான எண். ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டால் இரண்டும் வேண்டாம்.

கேள்வி: அக்கம்பக்கத்தில் குப்பை எரியும் நாட்களில் ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் புகை. ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா?
– வாசகர், அவனியாபுரம்

பதில்: மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் குளிர்காற்று தரையோடு அமர்ந்துகொண்டு புகையை மேலே போக விடாது. வெயில் ஏறியபின் கலைந்துவிடும். எனவே காலை 9 மணி வரை சாத்தி, 12 மணிக்கு மேல் திறப்பது நல்லது. நம்மில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு. மீட்டரைக் காலை 6, 10, மதியம் 2, இரவு 8 மணிக்கு ஜன்னலுக்கு வெளியே ஐந்து நிமிஷம், உள்ளே ஐந்து நிமிஷம் என்று ஒரு வாரம் பாருங்கள். வெளியே குறைவாக இருக்கும் நேரம் தெரிந்துவிடும்.

பியூரிஃபையர் வாங்கினால் சி.ஏ.டி.ஆர். எண்ணை, அதாவது மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்று தருகிறது என்பதைப் பாருங்கள். 12-க்கு 12 அடி, 10 அடி உயர அறைக்கு மணிக்கு 200 கன மீட்டராவது வேண்டும். பெட்டியில் போடும் எண் முழு வேகத்துக்கானது. அந்தச் சத்தத்தில் தூங்க முடியாது என்று வேகத்தைக் குறைத்தால் அதில் பாதிகூடக் கிடைக்காது. ஆகவே கொஞ்சம் பெரியதாக வாங்கிக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். ஊதுபத்தி கொளுத்தி மீட்டர் 200 தொட்டதும் அணைத்து, கதவைச் சாத்தி, பியூரிஃபையரை நீங்கள் தூங்கும்போது வைக்கும் வேகத்தில் ஓட்டுங்கள். 75-க்கு இறங்க 12 நிமிஷம் ஆனால் மணிக்கு ஐந்து சுற்று, நல்ல வேலை. அரை மணிக்கு மேல் ஆனால் அந்த அறைக்கு அது சின்னது. பிளாஸ்டிக் எரியும் வாடை அப்போதும் போகாது. ஹெப்பா ஃபில்டர் துகளைத்தான் பிடிக்கும், வாயுவை அல்ல. வாயுவுக்கென்று கூட வரும் மெல்லிய கரித்தாள் சில வாரத்தில் நிறைந்துவிடும், அதன் மாற்று விலையையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.